97,000 என்ற எண் எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணப் பொது நூலகம் கலாநிதிப் பட்ட ஆய்வாகும்போது: ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் அழிந்தன என்பது தமிழ் வாசகர் பலருக்கும் மனப்பாடம். 1934 ஓகஸ்ட் 1 அன்று ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் அது தொடங்கியபோது கையில் இருந்தவை 844 நூல்கள். இடையில் சுமார் 47 ஆண்டுகள். கழித்து வகுத்தால் ஆண்டுக்குச் சராசரி 2,046 நூல்கள் சேர்ந்திருக்க வேண்டும். அவற்றை யார் தேர்ந்தார்கள், எந்தப் பணத்தில் வாங்கினார்கள், எவ்வளவு நன்கொடை, வந்ததை யார் இரவல் எடுத்துப் போனார்கள்? ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு (தமிழ்நாட்டு வழக்கில் முனைவர் பட்ட ஆய்வு) இந்தக் கேள்விகளே தாராளம். ஆனால் இந்த நூலகத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பங்கு அந்த ஓர் இரவைப் பற்றியது. அதற்கு முந்திய 47 ஆண்டுகள் முன்னுரையில் இரண்டு பத்தியோடு முடிந்துவிடுகின்றன.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல. நூலகவியல் துறைகளில் வழக்கமாகப் பதிவாகும் தலைப்புகள் வாசகர் திருப்தி, மேற்கோள் எண்ணிக்கை, மின்னிதழ்ப் பயன்பாடு என்று போகும். வினாக்கொத்தை விநியோகித்து, திரும்பி வந்ததை எண்ணி, சதவீதம் போட்டால் ஆய்வேடு உருவாகிவிடும். வரலாற்றுத் துறையினருக்கோ நூலகம் போயிருந்து படிக்கும் இடம். அதையே எடுத்துப் படிக்கலாம் என்று பெரும்பாலும் தோன்றுவதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் தெருவில் நிற்கும் பிள்ளைபோல ஆகிவிட்டது நூலக வரலாறு.

அமெரிக்காவில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு கிடைத்தது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் நூலகப் பட்டமேற்படிப்புப் பள்ளி 1920களின் இறுதியிலேயே கலாநிதிப் பட்டத்துக்கு வழி திறந்தது. நியூ இங்கிலாந்துப் பொது நூலகங்களின் தோற்றம் பற்றி ஜெசி ஷேரா அங்கே செய்த ஆய்வு 1949இல் நூலாக வந்தது. நியூயோர்க் பொது நூலகத்தின் வரலாற்றை எழுதிய பிலிஸ் டெயின் பெயரில், அமெரிக்க நூலகச் சங்கத்தின் நூலக வரலாற்று வட்டம் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓர் ஆய்வேட்டுக்குப் பரிசு தருகிறது. 500 டொலரும் ஒரு சான்றிதழும்தான். ஆனால் தேர்வாளரும் மேற்பார்வையாளரும் தவிர வேறு சிலரும் அந்த ஆய்வேட்டை உட்கார்ந்து படிக்கிறார்கள். நம் பக்கத்தில் கிடைக்காதது அதுதான்.

நிகழ்வு, சுருக்கமாக

1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் இலவச நூல்நிலையம் ஒன்றை நடத்தத் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் பொதுவான தமிழ் நூலகம் வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். 1934 ஜூன் 9 அன்று யாழ் மத்திய கல்லூரியில் கூட்டம் கூடியது. திரண்ட பணம் 1,184 ரூபா 22 சதம். தொடங்கிய மறு ஆண்டே நகரசபை பொறுப்பேற்றது. 1949இல் மாநகர சபை வந்தது. முதல் மேயர் சாம் சபாபதி காலத்தில், கத்தோலிக்கக் குருவான லோங் அடிகளார் போன்றோரின் முன்முயற்சியில், பெரிய கட்டடத்துக்கான வேலை தொடங்கியது. சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட்டார். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை தந்தார். அடிக்கல் 1954இல், 1959 ஒக்டோபர் 11 அன்று மேயர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். 1981 மே 31, ஜூன் 1 நாள்களில் எரிந்தது. 1984இல் ஒரு பகுதி மீண்டும் திறந்தது, போரில் மறுபடி சேதமடைந்தது, 1998க்குப் பின் கட்டடம் மீட்கப்பட்டது, 2003 பெப்ரவரியில் வைத்திருந்த திறப்பு விழா சர்ச்சையில் நின்றுபோனது.

இவ்வளவையும் அரை நாளில் திரட்டிவிடலாம். இதையே விரித்து 300 பக்கம் எழுதுவதுதான் முதல் தவறு. பெயர், திகதி, அடிக்கல், திறப்பு விழா என்று அடுக்கிய நூலக வரலாறு, விழா மலருக்குச் சரி, பட்டத்துக்குப் போதாது.

எண்ணைச் சோதிப்பது எப்படி

97,000 என்பதைப் பொய்யாக்குவது இங்கே நோக்கம் அல்ல. அந்த எண் எதை எண்ணியது என்று தெரிந்தால்தான் நூலகம் என்னவாக இருந்தது என்று தெரியும். நூலகத்தில் நூல்களை எண்ண இரண்டு வழி உண்டு. ஒன்று, நூல் வரவுப் பதிவேட்டின் கடைசி வரவெண் (ஒவ்வொரு நூலும் வந்து சேரும்போது பெறும் வரிசை எண்). மற்றது, ஆண்டிறுதியில் அலுமாரி அலுமாரியாக எண்ணிப் பார்க்கும் இருப்பு. இரண்டும் ஒருபோதும் ஒன்றாக இராது. தாள் உறை நாவல் பத்து இருபது கை மாறினால் கிழிந்து கழிவுக்குப் போகும், திரும்பி வராத இரவல் உண்டு, கரையான் உண்டு. வரவெண் மட்டும் ஏறிக்கொண்டே போகும், இறங்காது. பொது நூலகத்தில் நாற்பது ஆண்டுக்குப் பின் இரண்டுக்கும் இடைவெளி பெரிதாகவே இருக்கும். தொகுதிகளாகத் தைத்துக் கட்டிய இதழ்களும் ஏடுகளும் எண்ணிக்கையில் சேர்ந்தனவா என்பது மூன்றாவது சிக்கல்.

பதிவேடு இருந்திருந்தால் இது ஒரு வாரத்து வேலை. பக்கத்துக்கு 25 வரி என்று கொண்டால் 97,000 பதிவுகள் 3,880 பக்கம். 400 பக்கப் பேரேடு பத்து. அந்தப் பத்தும் கட்டடத்தோடு போயின. மிச்சம் என்ன?

முதலாவது, கட்டடம். ஒரு மீற்றர் தட்டில் சராசரி 32 நூல் நிற்கும் என்று வைத்தால் 97,000 நூலுக்குச் சுமார் 3,000 மீற்றர் தட்டு வேண்டும். 90 சென்ரிமீற்றர் நீளத் தட்டு, ஆறு அடுக்கு, இருபக்கம் என்றால் ஓர் அலகு 10.8 மீற்றர், ஏறக்குறைய 280 அலகுகள். வரைபடத்தில் நூல் வைக்க ஒதுக்கிய தளப்பரப்பை அளந்து, நடைவழியைக் கழித்து, இத்தனை அலகு அங்கே நிற்குமா என்று பாருங்கள். நின்றால் ஒரு கேள்வி தீர்ந்தது. நிற்காவிட்டால் நூல்கள் வேறெங்கே இருந்தன என்ற நல்ல கேள்வி பிறக்கும். வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். திட்டமிட்டது ஒன்று, கட்டியது ஒன்று என்பது பொதுக் கட்டடங்களுக்கே உரிய இயல்பு. பணம் வந்த அளவுக்குத்தான் கட்டடம் எழும்பும். பழைய படங்களில் தெரியும் அலுமாரிகளையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இரண்டாவது, தப்பிய நூல்கள். தீ வைத்த இரவில் இரவலாக வெளியே போயிருந்த நூல் எரியவில்லை. அது யாரோ ஒருவர் வீட்டில் இருந்தது. 1995இல் போரால் யாழ்ப்பாணத்தவர் வெளியேறிய இடப்பெயர்வில் இவற்றுள் எத்தனையோ போயிருக்கும். ஆனாலும் நல்லூரிலோ கொழும்பிலோ ரொறன்ரோவிலோ ஒரு பெட்டியின் அடியில் ஒன்றிரண்டு கிடக்கலாம். ஆய்வாளர் நூலைக் கேட்க வேண்டாம், படம் கேட்டால் போதும்: தலைப்புப் பக்கம், முத்திரை உள்ள பக்கம், வரவெண், திகதிச் சீட்டு. இந்த நான்கு படங்களில் நூலகத்தின் வளர்ச்சி வரைபடமே மறைந்திருக்கிறது. வரவெண்ணும் சேர்ந்த திகதியும் சேர்ந்து வரைதாளில் ஒரு புள்ளி. இருபது முப்பது புள்ளி கிடைத்தால் 1934 முதல் 1981 வரை கோடு இழுக்கலாம். கிடைத்தவற்றில் மிகப் பெரிய வரவெண், பதிவேடு குறைந்தது அதுவரை போனது என்று சொல்லும்.

இந்தக் கோட்டில் விழக்கூடிய குழிகள் உண்டு. உசாத்துணைப் பகுதிக்கும் இரவல் பகுதிக்கும் சிறுவர் பகுதிக்கும் தனித்தனி வரவெண் வரிசை இருந்தால், ஒரே எண் இரண்டு நூலில் வரும். வரிசைகளைப் பிரிக்காமல் கோடு போட்டால் வளர்ச்சி தாறுமாறாகும். பெரிய தனியார் சேகரம் ஒன்று நன்கொடையாக வந்தால் சில வாரத்தில் ஆயிரக்கணக்கில் எண் ஏறும். அதைக் கொள்முதல் என்று படித்துவிடக் கூடாது. 1981க்குப் பின் திரட்டிய நூல்களுக்குப் புதிய வரிசை தொடங்கியிருக்கும். சின்ன எண் கண்டவுடன் 1930கள் என்று முடிவுகட்டுவது ஆபத்து. முத்திரையில் நகரசபை என்றிருந்தால் 1949க்கு முன், மாநகர சபை என்றிருந்தால் பின் என்பது பொதுவாகக் கை கொடுக்கும். பழைய முத்திரைக் கட்டையை மை தீரும்வரை பயன்படுத்தும் அலுவலகப் பழக்கத்தை மறக்காதவரை.

மூன்றாவது, பணம். 1,184 ரூபா 22 சதம் முழுவதும் நூலுக்கே போனது என்று கொண்டால்கூட 844 நூலுக்கு ஒன்று ஒரு ரூபா 40 சதம். வாடகையும் மேசை நாற்காலியும் அதிலேதான். ஆகவே தொடக்கத் தொகுப்பில் நன்கொடை நூல்கள் கணிசம் என்று ஊகிக்கலாம். ஈழகேசரி, இந்து சாதனம் போன்ற அக்கால இதழ்களில் நன்றி அறிவிப்பு இருந்தால் ஊகம் சான்றாகும். பிற்காலத்துக்கு மாநகர சபை வரவுசெலவுத் திட்டத்தில் நூல் கொள்முதல் ஒதுக்கீடு என்ன, ஒதுக்கியதில் செலவானது என்ன என்று ஆண்டுவாரியாக இரண்டு நிரல் போடுங்கள். சென்னை மாகாணத்தில் 1948 பொது நூலகச் சட்டம் சொத்துவரியோடு நூலக வரியையும் வசூலிக்க வழி செய்தது; யாழ்ப்பாணத்துக்கு அப்படி ஓர் ஊற்று இல்லை. கட்டட நிதிக்குக் களியாட்ட விழாவும் லொத்தரும் நடத்த வேண்டியிருந்தது. சென்னையின் சட்டத்துக்கு உழைத்த ரங்கநாதனே இங்கே ஆலோசகர் என்பதால் இந்த ஒப்பீடு இழுத்துக் கட்டியது அல்ல. ஆய்வேட்டில் தனி இயலாகவே ஒதுக்கலாம்.

எரியாத காகிதம் எங்கே

எரிந்த நூலகத்தின் வரலாறு மற்றவர்களுடைய காகிதத்தில் இருக்கிறது. நகரசபை, மாநகர சபைக் கூட்டக் குறிப்புகள்; உள்ளூராட்சி ஆணையாளரின் ஆண்டு நிருவாக அறிக்கைகள்; கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ள அரசாங்க அதிபர் பதிவுகள்; நன்கொடை தந்த வெளிநாட்டுத் தூதரகங்களும் அமைப்புகளும் தத்தம் நாட்டுக்கு அனுப்பிய கடிதங்கள். நன்கொடை கேட்ட கடிதத்தின் நகல் இங்கே எரிந்திருந்தாலும், கொடுத்தவரின் கோப்பில் அதன் மூலப்பிரதி இருக்கும். நன்கொடைக் கடிதத்தோடு நூற்பட்டியல் இணைப்பது வழக்கம் என்பதால் இவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்.

எந்த ஈழத்து நூல் அழிந்தது, எது வேறிடத்தில் உண்டு என்று அறிய 1885 அச்சகச் சட்டம் உதவும். அச்சாகும் நூலின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அது விதித்தது. அச்சான நூல்களின் காலாண்டுப் பட்டியலும் வெளியானது. கொழும்பு அருங்காட்சியக நூலகத்துக்கும் இலண்டனுக்கும் பிரதிகள் போயின. ஆகவே 1885க்குப் பின் இலங்கையில் அச்சான தமிழ் நூல் ஒன்றை, யாழ்ப்பாணத்தில் எரிந்ததோடு உலகிலிருந்தே போயிற்று என்று எழுதும் முன் இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும். ஈழத்து நூல்களின் விவரப் பட்டியலாக என். செல்வராஜா தொகுக்கும் நூல்தேட்டம் தொகுதிகளும், ‘நூலகம்’ என்னும் நிறுவனத்தின் எண்ணிமத் தொகுப்பும் நான்காவது ஐந்தாவது சோதனை.

இதற்கு நல்ல பாடம், யாழ்ப்பாணத்தின் பழைய வரலாற்று நூலான யாழ்ப்பாண வைபவமாலை. அதன் ஒரே பிரதி அன்று எரிந்தது என்று பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. மயில்வாகனப் புலவரின் அந்த நூலை பிரிட்டோ ஆங்கிலத்தில் பெயர்த்து 1879இலேயே அச்சிட்டார், குல. சபாநாதனின் தமிழ்ப் பதிப்பு 1949இல் வந்தது. நூல் அழியவில்லை. அழிந்தது ஏதேனும் கையெழுத்துப் படியானால், இழப்பு வேறு வகை: பதிப்புகளில் வராத பாடபேதம், ஓரக்குறிப்பு, ஏட்டை எழுதியவரின் பெயர். சுவடியியல் தெரிந்தவருக்கு இது சின்ன இழப்பு அல்ல. ஆனால் நூல் அழிந்தது என்று எழுதிய ஆய்வேட்டை, 1879 பதிப்பைக் கையில் வைத்திருக்கும் ஒரு தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார். அதோடு மற்ற 290 பக்கத்தின் மேலும் ஐயம் படரும்.

அதனால் மீள்கட்டும் நூற்பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் சான்றின் தரத்தைக் குறிக்க ஒரு நிரல் வேண்டும். முத்திரையோடு தப்பிய நூல் முதல் தரம். அக்காலத்துப் பட்டியல், நன்கொடைக் கடிதம், செய்தித்தாள் அறிவிப்பு இரண்டாம் தரம். 1981க்கு முன் வெளிவந்த நூலின் முன்னுரையில் “யாழ் பொது நூலகத்தில் பார்த்த பிரதி” என்பதுபோல ஆசிரியர் சொன்னது மூன்றாம் தரம். இதைப் பலரும் தேடுவதே இல்லை, உண்மையில் இது வளமான சுரங்கம். 1981க்குப் பின் நினைவிலிருந்து சொன்னது நான்காம் தரம். நான்காம் தரத்தை நீக்க வேண்டாம். முதல் தரத்தோடு கூட்டவும் வேண்டாம்.

அந்த இரவு

ஆய்வின் காலம் 1981ஓடு முடிந்தாலும் தீயைத் தாண்டிப் போக முடியாது. 1981 ஜூன் 4 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் சூழல், மே 31 நாச்சிமார் கோயிலடிக் கூட்டத்தில் பொலிஸார் சுடப்பட்டது, அதன்பின் கடைகளும் கட்சி அலுவலகமும் நாடாளுமன்ற உறுப்பினர் வீடும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது எல்லாம் பரவலாக எழுதப்பட்டவை. நூலகம் எரிந்தது மே 31 இரவா, ஜூன் 1 இரவா என்பதில் எழுத்துகள் வேறுபடுகின்றன. நள்ளிரவு தாண்டிய நிகழ்வை ஒருவர் முந்திய நாளோடும் மற்றவர் பிந்திய நாளோடும் சேர்ப்பது ஒரு காரணம். தீவைப்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட இரவில் நடந்தது இன்னொரு காரணம். “இரவு” என்று மட்டும் சொல்லும் சாட்சியத்தை எடுக்காமல், மணி, கூடவே வேறு எந்தக் கட்டடம் எரிந்துகொண்டிருந்தது, ஊரடங்கு இருந்ததா என்று மூன்றையும் கேட்டுப் பதிந்தால் வரிசை தெளியும்.

உள்ளூர்ச் செய்திக்கு முதல் நாடவேண்டிய ஈழநாடும் அதே நாள்களில் எரிந்தது. ஆகவே வீரகேசரி, தினகரன், ஆங்கில நாளேடுகள், தமிழ்நாட்டு நாளேடுகள் என்று சுற்றி வர வேண்டும். தணிக்கை இருந்த நாள்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். படங்களில் இன்னொரு குழி: 1981இல் எரிந்த கட்டடத்தின் படமும், 1985இலும் பின்னரும் குண்டுபட்ட அதே கட்டடத்தின் படமும் கலந்து புழங்குகின்றன. சுவரில் குண்டுத் துளை உண்டா, குவிமாடம் எந்த நிலையில் உள்ளது, முற்றத்தில் புல் வளர்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆண்டு போட வேண்டும்.

நேர்காணலில் தீயை முதலில் கேட்டால் அதற்குப் பிறகு வேறெதுவும் கிடைக்காது. நாற்பது ஆண்டாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை வரும், அத்துடன் முடியும். எந்த மேசையில் இருந்தீர்கள், உறுப்புரிமைச் சீட்டு என்ன நிறம், ஒரு முறை எத்தனை நூல் தருவார்கள், பிந்தினால் தண்டம் எவ்வளவு, பத்திரிகை வாசிக்கும் பகுதியில் யார் யார் இருப்பார்கள், பெண்கள் எங்கே இருந்தார்கள், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் எந்த ஆண்டுவாக்கில் வரத் தொடங்கினார்கள் என்று கேளுங்கள். இவை ஒத்திகை பார்த்த விடைகள் அல்ல, யோசித்துச் சொல்வார்கள். கடைசி இரண்டு கேள்விக்கும் விடை சேர்ந்தால், “பொது” என்ற சொல்லுக்கு 1930களிலும் 1970களிலும் யாழ்ப்பாணத்தில் என்ன பொருள் என்று சொல்லலாம். இந்தத் தலைப்பில் இன்னும் யாரும் தொடத் தயங்கும் இடம் இதுவே. தீ பற்றிப் பேசுபவரின் பெயரையும் ஊரையும் மாற்றுவதற்கும் ஒலிப்பதிவைப் பூட்டி வைப்பதற்குமான ஒப்புதல் படிவம் முதல் நேர்காணலுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

எல்லையும் காலமும்

“1934 முதல் இன்றுவரை” என்று பதிவு செய்தால் ஆய்வு முடியாது. 1949–1981, மாநகர சபையும் நூலகமும் என்பது ஒருவர் நான்கு ஆண்டில் முடிக்கக்கூடிய அளவு. முதல் ஆறு மாதம் ஆவண இருப்பிடங்களின் பட்டியலுக்கு மட்டும். அனுமதிக் கடிதங்களும் அப்போதே போக வேண்டும், பதில் வர மாதக்கணக்காகும். அடுத்த ஓராண்டு சபைக் குறிப்புகளும் நாளேடுகளும். ஒரு நாளேட்டின் ஓராண்டை நாளுக்கு நாள் புரட்ட, நுண்படச் சுருளானால் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முப்பது ஆண்டையும் புரட்ட முடியாது என்பது அப்போதே விளங்கும். வரவுசெலவுத் திட்டம் நிறைவேறும் மாதம், நூலக ஆண்டு விழா மாதம், தேர்தல் மாதம் என்று மாதிரி எடுத்துப் பார்ப்பதே நடைமுறை. நேர்காணலை மட்டும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். 1959இல் இருபது வயது வாசகராக இருந்தவருக்கு இன்று எண்பதும் தாண்டிவிட்டது.

ஊக்குவிப்பு என்றால்

பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது கருத்தரங்கு வைப்பது அல்ல. நூலகவியலில் ஒருவரும் வரலாற்றில் ஒருவருமாக இரண்டு மேற்பார்வையாளரை அனுமதிப்பது; முதுகலை மாணவர் ஒவ்வொருவருக்கும் ஈழகேசரியின் இரண்டு ஆண்டைக் கொடுத்து, நூலகம், வாசிகசாலை, நன்கொடை பற்றிய செய்தி அனைத்துக்கும் அட்டவணை போடச் சொல்வது. 1930 முதல் 1958 வரை வந்த இதழ் அது. பதினான்கு பதினைந்து மாணவர் போதும். அந்த அட்டவணை இருந்தால் கலாநிதி மாணவரின் ஓராண்டு மிஞ்சும். ஊர் வாசிகசாலைகளின் கூட்டக் குறிப்பேடுகளுக்கும் இதே முறை பொருந்தும். அவற்றில் சில இன்னும் செயலாளர் வீட்டு அலுமாரியில் கிடக்கலாம்.

மாநகர சபைகளுக்கும் நூலகங்களுக்கும் உரிய பங்கு இன்னும் சின்னது. 50 ஆண்டு கடந்த பதிவேடுகளை இடம் போதவில்லை என்று கழிவுக்குப் போடாமல், என்னென்ன இருக்கின்றன என்று நான்கு பக்கப் பட்டியல் ஒன்று வெளியிட்டால் போதும். இன்று ஓடிக்கொண்டிருக்கும் நூலகங்களின் வரவுப் பதிவேட்டை ஆண்டுக்கொருமுறை படம்பிடித்து வேறொரு கட்டடத்தில் வைக்க ஒரு கைத்தொலைபேசியும் இரண்டு நாளும் தேவை.

ஆய்வு முடிந்தபின் மீள்கட்டிய பட்டியலை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் புதைத்துவிடக் கூடாது. விரிதாளாக, சான்றுத் தர நிரலோடு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம், தேசிய சுவடிகள் திணைக்களம், நூலகம் நிறுவனம் ஆகிய மூன்று இடத்தில் வைக்க வேண்டும். பட்டம் பெற்ற மறுநாள் ரொறன்ரோவிலிருந்து முத்திரையோடு ஒரு நூலின் படம் வந்தால், அதைச் சேர்க்க ஒரு வரி திறந்திருக்க வேண்டும்.